மூக்குக்கு விரதம் இல்லை

ஓல்டன்
ஒக்ரோபர்

அன்புள்ள தம்பித்துரை அண்ணைக்கு,

யோகமலர் எழுதுகிறேன். உங்கள் சிநேகிதர் தயாநிதியின் மனைவி என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் போடுவது இதுதான் முதல் தடவை என்பதால் சொல்லி வைக்கிறேன். மொன்றியலில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். என்ன செய்வது, எங்கள் வீடு இரண்டு அறை. குசினியில் போனில் கதைத்தால் படுக்கையறையில் கேட்கும். இவரோ எந்த நேரமும் வீட்டில்தான். என் போன் மேசையில் கிடக்கும், எடுத்தும் பார்ப்பார். அதனால் வேலையிடத்தில் இருந்து எழுதுகிறேன். நான் இன்னும் அந்த முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில்தான். உறையின் பின்னால் அதன் விலாசம் இருக்கிறது, பதிலை அங்கே போடுங்கள்.

நீங்கள் போன் எடுத்துக் கேட்கும்போதெல்லாம் அவர், "பரவாயில்லை அண்ணை, ஓடுது" என்றுதான் சொல்வார். ஓடவில்லை. கொரோனாவோடு போன மூக்கு திரும்பவே இல்லை. டொக்டர் சின்னச் சின்னக் குப்பிகளில் எலுமிச்சையும் கராம்பும் ரோசாவும் தந்து தினமும் முகரச் சொன்னார். இவர் ஒழுங்காக முகர்ந்தார். ஒரு நாள் எல்லாக் குப்பிகளையும் கழுவி அடுக்கி வைத்துவிட்டார். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கோழிக்கறியும் கடதாசி மட்டையும் தனக்கு ஒன்றுதான் என்கிறார்.

பேர்ணில் நீங்களும் அவரும் முதன்முதலாக உருளைக்கிழங்கு உரித்த அந்த உணவகக் குசினியில்தான் கடைசிவரை நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு நாள் சோஸ் அடிப்பிடித்துப் புகைந்திருக்கிறது. இவர் வேறு பக்கம் திரும்பி நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாராம். அடுத்த அறையில் இருந்தவர்களுக்கு மூக்கில் அடித்து ஓடி வந்திருக்கிறார்கள், இரண்டடியில் நின்றவருக்குத் தெரியவில்லை. யாரும் ஏசவில்லை. மரியாதையாகக் கோப்பை கழுவும் பக்கத்துக்கு மாற்றினார்கள். அந்த மரியாதைதான் இவரைத் தின்றது. கொஞ்சக் காலம் போனார், பிறகு போகவில்லை.

வீட்டில் நான்தான் அவருக்கு மூக்கு. பிள்ளைகள் இல்லாத வீடு, வேறு யாரைக் கேட்பார்? பாலைக் கொண்டு வருவார், நேற்றைய மீன்குழம்பைக் கொண்டு வருவார். "இஞ்சேரும், இது மணக்குதோ?" என்பார். மணக்குது என்றால் பழுதாகிவிட்டது என்பதுதானே எங்கள் பேச்சு. நான் முகர்ந்து பார்த்து இல்லை, சாப்பிடலாம் என்பேன். பேசாமல் சாப்பிடுவார். நான் சொன்னால் சரி.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். என்னைப் போல வீட்டிலேயே பியர் வடித்துப் பார், கைக்கும் வேலை, கசப்பாவது நாக்கில் பிடிபடும் என்று நீங்கள் சொன்னீர்கள். அன்றைக்கு உங்களை நான் மனதுக்குள் திட்டினேன், மன்னியுங்கள். ஆனால் வாளி, குழாய், மோல்ட் பாணி, கசப்புக்கு ஹொப்ஸ், ஈஸ்ட் என்று சாமான்கள் வந்து இறங்கியதும் இவர் பழைய சமையல் அங்கியை எடுத்துக் கட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. சாராயமே காய்ச்சினாலும் காய்ச்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

காய்ச்சி ஆற வைத்த அன்றைக்கு நீங்கள் ஸ்பீக்கரில் சொன்னது எனக்கும் கேட்டது. "ஈஸ்டைப் போட்டுக் கலக்கிப்போட்டு இனிப் புளிக்க விடவேண்டியதுதான்" என்றீர்கள். புளிக்க வைப்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டுமோ? இவர் கீழே நிலவறைக்கு, அதுதான் கெல்லருக்குப் போய் நீட்டுக் கரண்டி தேடிக்கொண்டு நின்றார். நான் வளையலைக் கழற்றி, கையை நன்றாகக் கழுவி, முழங்கைவரை விட்டு அப்பமாக் கரைப்பது போல ஒரு சுற்றுச் சுற்றிக் கரைத்து மூடி வைத்தேன். கையால் கரைத்தால்தானே மா பொங்கும். போதாததற்கு, சூடாக இருக்கும் என்று ஹீட்டர் அலுமாரிக்குள் என் அப்பமாச் சட்டிக்குப் பக்கத்திலேயே வாளியை வைக்கச் சொன்னேன்.

பொங்கியது அண்ணை, அப்படிப் பொங்கியது. மூடியில் இருக்கும் குழாய் இரவு பகலாகக் குமிழி விட்டது. இவர் கதிரையை இழுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஆனால் போத்தலைத் திறந்து வாயில் வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது. "புளிக்குது" என்றார். "புளிக்கத்தானே விட்டது?" என்று நான் கேட்டேன். அவர் போத்தலை மூடி வைத்தார். அன்றிலிருந்து வாளி கவிழ்ந்தபடி கிடக்கிறது. அங்கியையும் கழற்றிவிட்டார்.

தான் எதைத் தொட்டாலும் பழுதாகும் என்று நினைக்கிறார். எனக்கு என் கையில்தான் சந்தேகம். உள்ளதை எழுதுங்கள். என் கைதான் காரணமென்றால் நான் அவரிடம் சொல்ல வேண்டும். வாளி நிமிராவிட்டால் அவரும் நிமிர மாட்டார்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
யோகமலர்


ஓல்டன்
டிசம்பர்

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சலவைப் பகுதி பொறுப்பாளி, கனடாவில் இருந்து உனக்குக் காதல் கடிதமா என்று கண்ணடித்துக் கொடுத்தாள். பியர் பற்றிய கடிதம் என்றேன். அவள் நம்பவில்லை.

நன்றாகத்தான் ஏசியிருக்கிறீர்கள். "புளிக்க விடுறது எண்டால் புளிப்பாக்கிறது இல்லை, தங்கச்சி. தமிழில வேற சொல் வாயில வரேல்லை" என்று எழுதியிருந்ததை மூன்று தரம் வாசித்துச் சிரித்தேன். அப்பமாவைப் புளிப்பாக்குகிற அதே கிருமி என் கையில் இருந்து வாளிக்குள் போய்க் குடியேறியிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மாவுக்கு ராசியான கை பியருக்கு விசமாகிவிட்டது.

அன்று மாலையே அவரிடம் சொல்லிவிட்டேன். என் கைதான், உங்கள் கை இல்லை என்றேன். ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "முழங்கைவரைக்குமோ? வளையலைக் கழட்டிப்போட்டோ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மூக்குப் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் அப்பமா கரைப்பதையும் தோசைக்கு அரைப்பதையும் அன்றோடு நிறுத்தினேன். எனக்குத் தோசை இல்லாமல் கஸ்டம்தான். இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் தடவை என்னைக் குசினிக்குள்ளேயே விடவில்லை. கரண்டி, குழாய், போத்தல் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊற வைத்தார். வாளியைக் கெல்லரில் வைத்தார். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கெல்லர் ஐஸ்பெட்டி மாதிரி. கொஞ்ச நாளில் குமிழி நின்றுவிட்டது. நான் இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம் என்றேன். இவருக்குப் பொறுமை இல்லை. காரணம், பழைய வேலையிடத்தில் நத்தார் விருந்துக்கு இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வெறுங்கையோடு போக மாட்டேன், என் கையால் செய்ததைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நின்றார். போத்தலில் அடைத்துவிட்டார்.

திறந்து பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் வெள்ளி விரதம். ஒரு சொட்டும் நாக்கில் வைக்க மாட்டேன் என்றேன். "மூக்குக்கு விரதம் இல்லைத்தானே, பிடிச்சுப் பாரும்" என்று கிளாசை நீட்டினார். அவர் அதற்கு முன்பே ஒரு வாய் குடித்திருந்தார். புளிப்பு இல்லை, கசப்பு அளவு, இனி வாசம் மட்டும் நீர் சொன்னால் சரி என்றார். சவரம் செய்து, நல்ல சேட் போட்டு நின்றார் அண்ணை. தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்தார்.

நான் முகர்ந்தேன். பழைய வெண்ணெய். வெயிலில் வைத்து உருகித் திரும்ப உறைந்த வெண்ணெய் எப்படி இருக்கும், அது. சந்தேகமே இல்லை.

நல்ல வாசம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று உங்களுக்காவது விளங்கும் என்று நினைக்கிறேன். முதல் தடவை பழியை என் கையில் போட முடிந்தது. இந்தத் தடவை எல்லாம் அவர் கையால் செய்தது. நான் எதைக் காட்டி அவரைச் சிரிக்க வைப்பேன்? பியர்தானே, குடித்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். அவர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்தார். கலியாணம் முடித்த காலத்தில்கூட அப்படிச் செய்யாத மனுசன்.

இதை எழுதும்போது அவர் வீட்டில் போத்தல்களைத் துவாய்க்குள் சுற்றிப் பையில் அடுக்கிக்கொண்டிருப்பார். நாளைக்கு விருந்து. அந்த வெண்ணெய் மணம் ஒரு நாளில் போய்விடுமா? குளிரில் வைத்தால் குறையுமா? ஏதாவது போட்டால் மறையுமா? இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது விருந்து முடிந்து எல்லோரும் மறந்தே இருப்பார்கள். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கும் அண்ணிக்கும் வருகிற வருடம் நல்லபடியாக அமையட்டும். எங்களுக்கும் கொஞ்சம் சேர்த்துக் கும்பிடுங்கள்.

யோகமலர்


ஓல்டன்
மார்ச்

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. இவரும் உங்கள் போனை எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவர் யார் போனையும் எடுப்பதில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நத்தார் விருந்தில் தலைமைச் சமையல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, அருமை என்று சொல்லிக் கிளாசை யன்னல் ஓரத்தில் வைத்தாராம். மற்றவர்களும் அருமை என்றார்களாம். ஒருவர், இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகக் குடிக்கிறேன் என்று போத்தலைப் பைக்குள் வைத்தாராம். இவர் சந்தோசமாகத்தான் இருந்திருக்கிறார். கை கழுவப் போன இடத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் அதே போத்தல் வெறுமையாக நின்றிருக்கிறது. ஸ்ரேசனுக்கு நடந்து வரும்போது கோபிசனைக் கேட்டிருக்கிறார். கோபிசன் இப்போது இவருடைய இடத்தில் நிற்கும் சமையல்காரர், எங்கள் ஆள்தான். அவர் தயங்கித் தயங்கி, "அண்ணை, கெட்டுப்போன பட்டர் மாதிரி மணக்குது. வீட்டில அக்கா சொல்லேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார்.

இதெல்லாம் பிறகு கோபிசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஐஸ்பெட்டியைத் திறந்து பாலை எடுத்து என் மூக்கடியில் பிடித்தார். "இது எப்பிடி?" என்றார். நல்லாயிருக்கிறது என்றேன். அது உண்மையாகவே நல்ல பால், அன்று காலை வாங்கியது. அவர் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் படுக்கப் போனார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் எதையும் நீட்டவில்லை. பெட்டியில் அடித்திருக்கும் திகதியைப் பார்க்கிறார். திகதி இல்லாத எதையும் தொடுவதில்லை. என் சமையலில் திகதி எங்கே இருக்கிறது? கறி வைத்தால் பார்த்துக்கொண்டு இருப்பார். கடையில் வாங்கிய பாணும் பக்கெட் சூப்பும்தான் சாப்பாடு. இடுப்புப் பட்டியில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது ஒரு தரம் இல்லை. "நீர் நல்லதுக்குத்தானே சொன்னனீர்" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்குக் கோபமும் வந்தது. பொய் சொல்லக்கூடாது, நான் சொன்னது பிழைதான். ஆனால் இத்தனை வருடம் இந்த வாயால் சொன்ன உண்மையெல்லாம் ஒரு பொய்யை ஈடு செய்யக் காணாதோ? ஒரு நாள் இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். யன்னலைத் திறந்துவிட்டு ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசியில் தானாகவே திரும்ப வாளியை எடுத்தார். நான் மூச்சுக் காட்டவில்லை. உங்கள் கடிதத்தில் இருந்த வெண்ணெய் விளக்கத்தைக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் நீங்களும் நானும் எழுதிக்கொள்வது தெரிந்துவிடும். அவரே வாசித்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஈஸ்ட் வேலையை முடிக்க முதல் அவசரப்பட்டு அடைத்ததுதான் காரணம், கடைசி நாட்களில் கொஞ்சம் சூட்டில் விட்டிருந்தால் தன் கோளாறைத் தானே தின்று தீர்த்திருக்கும். நீங்கள் எழுதியதும் அதுதான். இந்தத் தடவை வெப்பமானியைக் கட்டி வைத்து, பொறுத்து, எல்லாம் அளவாகச் செய்தார். எனக்குள்ளே ஒரு ஆசை துளிர்த்தது. மறைக்காமல் சொல்கிறேன், நன்றாகவே துளிர்த்தது.

திறந்த அன்று நான் வேலையில். இவர் மேல்மாடிக்குப் போயிருக்கிறார். அங்கே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒரு சோடி இருக்கிறார்கள், சுப்ரமணியனும் ஸ்ரீலேகாவும். அந்தப் பெடியன் பாடனில் ஒரு கொம்பனியில் என்ஜினியர், சில நாள் வீட்டில் இருந்தே வேலை செய்வான். இவர் கதவைத் தட்டி, "தம்பி, எனக்காகச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ" என்று கேட்டுக் கீழே கூட்டி வந்திருக்கிறார். எங்களைத் தெரியாத ஆள், எங்களுக்காகப் பொய் சொல்லத் தேவையில்லாத ஆள் என்று தேடித்தான் போயிருக்கிறார்.

பெடியன் போத்தலைத் திறந்ததும் கண்ணை அகல விரித்து, "அங்கிள், என்ன இது! வீடே மணக்குது!" என்றானாம்.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு வேலையில் இருந்து போன். "இத நான் மேல எடுத்துட்டுப் போறேன் அங்கிள், கால் முடிச்சுட்டு நிதானமா குடிக்கிறேன்" என்று போத்தலோடு போய்விட்டான்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். அவர்கள் ஊரில் மல்லிகைப் பூ மணக்கும், நெய் மணக்கும், நல்ல சாம்பார் மணக்கும். ரிவியில் தினமும் கேட்கிறோம், இவருக்கும் தெரியாததில்லை. ஆனால் கெட்டது வரும் என்று காத்திருந்த காதுக்கு எங்கள் மணக்குதுதான் கேட்டிருக்கிறது. நாறுது என்று கேட்டிருக்கிறது. போத்தலை மேலே எடுத்துப் போனதும் அந்த விருந்தில் பைக்குள் வைத்தது போலத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் வேலை முடிந்து வந்தபோது வாசல் கதவுக்கே தோடம்பழத் தோலின் வாசம் வந்தது. பின்னேரம், படி முழுவதும் அந்த வாசம். யாரோ கேக் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால் இவர் கடைசிப் போத்தலைத் தொட்டியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மற்றவை எல்லாம் கழுவி வரிசையாக வைத்திருந்தது. "பெடியன் நேர்மையானவன். மணக்குதெண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டான்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது அண்ணை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேலே ஓடினேன். ஸ்ரீலேகா கதவைத் திறந்ததும், "ஆன்ட்டி, இவருக்கு இன்னொரு பாட்டில் கிடைக்குமா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன்.

சுப்ரமணியனைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கூட்டி வந்தேன். பாவம், அவன் கண் கலங்கிவிட்டது. "எங்க ஊர்ல மணக்குதுன்னா நல்ல வாசனைன்னு அர்த்தம் அங்கிள். சத்தியமா. இவ்வளவு நல்ல பீர் நான் இங்க வெளிய குடிச்சதில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இவர் முழுவதையும் கேட்டார். அவன் தோளில் தட்டினார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், அவன் வேலையைப் பற்றி விசாரித்தார், வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். நான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

கதவைப் பூட்டிவிட்டு என்னிடம் சொன்னார். "நீர் போய்ச் சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தனீர். அந்தப் பெடியனையும் பொய் சொல்ல வைச்சுப்போட்டீர்."

நான் சத்தியம் செய்யவில்லை. செய்திருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டார்.

வாளியையும் குழாய்களையும் மறுநாளே குப்பை எடுக்கும் இடத்தில் வைத்துவிட்டார். ஸ்ரீலேகா மிச்சம் இருந்த அரைப் போத்தலைக் கொண்டுவந்து தந்தாள். அவர் நடக்கப் போன நேரம் பார்த்துக் குசினியில் நின்று குடித்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை. கசந்தது, பிறகு அந்தத் தோடம்பழ வாசம் தொண்டைவரை போனது. நல்லாயிருந்தது அண்ணை. எனக்குப் பியர் தெரியாது, ஆனால் நல்லது தெரியும். அதை இந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் முகர்ந்து சொல்வதும் வேண்டாம், என் சமையலும் வேண்டாம், வேறு ஆள் சொன்னாலும் அது நான் சொல்லிக் கொடுத்தது. இனி எந்த வழியால் அவரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. சில நேரம், அந்தப் பட்டியில் இன்னும் எத்தனை ஓட்டைக்கு இடம் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

ஒரு உதவி கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். உங்கள் பியர் பழுதாகிவிட்டது என்று அவரிடம் பொய்யாகச் சொல்லி, என்ன செய்யலாம் என்று வழி கேளுங்கள், தன்னிடமும் ஒருவர் கேட்கிறார் என்றால் எழும்புவார் என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். திரும்பவும் அதே வேலையைத்தானே செய்யப் பார்க்கிறேன்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பேர்ண் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை, நல்ல காலம். நீங்கள் அடுத்து வடிக்கிற பியர் உண்மையாகவே பழுதாக வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். கோபிக்க வேண்டாம். அப்படிப் பழுதானால் அங்கே யாரிடமும் கேட்காதீர்கள், இவருக்குப் போன் எடுங்கள். என்ன நிறம், என்ன ருசி, எங்கே வைத்தீர்கள், எல்லாம் சொல்லிக் கேளுங்கள். முதல் தடவை எடுக்க மாட்டார். திரும்பத் திரும்ப எடுங்கள்.

உங்களுக்கும் அண்ணிக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. அந்த ஒரு வாளியைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
யோகமலர்